முருகனுக்குக் கொடுத்த வெள்ளி எல்லோர் கணக்கிலும் ஏறுகிறது: பைத்தான் இனக்குழுவில் எங்கே கோளாறு?

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

வணக்கம். பி.சி.ஏ. முதலாமாண்டு படிக்கிறேன். அப்பா சிறிய அளவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வேலையாட்களுக்கு வெள்ளியை நிறுத்துக் கொடுப்பது, கொலுசாகத் திரும்பி வந்ததும் நிறுத்து வாங்குவது, சேதாரம் கழித்துக் கூலி போடுவது எல்லாமே இதுவரை நோட்டில்தான் நடக்கிறது. கல்லூரியில் பொருள்நோக்கு நிரலாக்கம் (தரவையும் அதன் வேலைகளையும் ஒரே பொருளாகக் கட்டி நிரல் எழுதும் முறை) தொடங்கியிருப்பதால், அந்த நோட்டையே பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கீழே கிளாஸ் என்பதுதான் இனக்குழு, ஓர் அச்சு மாதிரி; அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு பொருள். டெஃப் என்று தொடங்குவது செயற்கூறு; செல்ஃப் என்றால் அந்தப் பொருளே.

கிளாஸ் தொழிலாளி:
    வரவு = []

    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்

    டெஃப் வாங்கு(செல்ஃப், கிராம்):
        செல்ஃப்.வரவு.அப்பெண்ட்(கிராம்)

    டெஃப் மொத்தம்(செல்ஃப்):
        ரிட்டர்ன் சம்(செல்ஃப்.வரவு)

மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்கிறது. கட்டளைச் சொற்கள் கணினியில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. கைப்பேசியிலிருந்து எழுதுவதால் இங்கே அவற்றையும் தமிழ் எழுத்தில் தட்டியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முருகனுக்கு 500 கிராம் கொடுத்தேன், செல்விக்கு 350. முருகனின் மொத்தத்தைக் கேட்டால் 850 என்கிறது. செல்வியைக் கேட்டாலும் 850. குந்துமணி அளவு வெள்ளிகூட இன்னும் வாங்காத கந்தசாமியைப் புதிதாகச் சேர்த்தேன்; அவர் கணக்கிலும் 850! பக்கத்தில் நின்று பார்த்த அப்பா, "வாங்காதவன் தலையில் எப்படியம்மா வெள்ளியை ஏற்றினாய்?" என்று கேட்டுச் சிரிக்கிறார். பெயர்கள் மட்டும் தனித்தனியே சரியாக வருகின்றன. பெயர் பிரியும்போது வரவு ஏன் பிரியவில்லை? பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

அம்மாபேட்டை அண்ணன்:

தங்கச்சி, பழைய மதிப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இனிட் செயற்கூறுக்குள் கடைசி வரியாக செல்ஃப்.வரவு.கிளியர்() என்று ஒன்று சேர்த்துவிடுங்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது பட்டியல் காலியாகத் தொடங்கும்.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

நன்றி அண்ணா. சேர்த்துப் பார்த்தேன். கந்தசாமிக்கு இப்போது 0 வருகிறது. ஆனால் அவரைச் சேர்த்த அந்த நொடியே முருகன், செல்வி இருவர் கணக்கும் 0 ஆகிவிட்டன. முன்பாவது கூட்டிக் காட்டியது. இப்போது கொடுத்த வெள்ளியே காணாமல் போகிறது.

ஏற்காடு ஆசிரியை:

காலியாக்குவது இதற்கு மருந்தில்லை. அந்த வரியை எடுத்துவிடு அம்மா. (இங்கே மழை பிடித்துக்கொண்டு மின்சாரம் போய்ப் போய் வருகிறது. பதில் தாமதமானால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.)

முதலில் ஒரு சோதனை செய். ஐடி என்பது ஒன்றின் அடையாள எண்ணைத் தரும். ஐடி(முருகன்.வரவு), ஐடி(செல்வி.வரவு) இரண்டையும் அச்சிட்டுப் பார். இரண்டும் உயிரோடு இருக்கும் வேளையில் எண்கள் ஒன்றாக இருந்தால், நினைவகத்தில் இருப்பது ஒரே பட்டியல் என்று பொருள். ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

இரண்டும் ஒரே எண்தான் அம்மா. கந்தசாமியுடையதும் அதே எண். அப்படியானால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பட்டியலா?

ஏற்காடு ஆசிரியை:

ஆமாம். உன் அப்பா பட்டறையில் சுவரோரம் ஒரு பொது நோட்டு தொங்குகிறது, ஆளுக்கு ஒரு கைநோட்டு கிடையாது என்று வைத்துக்கொள். முருகன் எழுதினாலும் செல்வி எழுதினாலும் அந்தப் பொது நோட்டில்தான் விழும்.

வரவு = [] என்ற வரி எங்கே இருக்கிறது பார். இனக்குழுவின் உடலில், எந்தச் செயற்கூறுக்கும் வெளியே. இனக்குழு வரையறுக்கப்படும்போது அந்த வரி ஒரே முறைதான் ஓடும். ஒரே ஒரு பட்டியல்தான் பிறக்கும். அதற்குப் பிறகு நீ எத்தனை தொழிலாளிகளை உருவாக்கினாலும் அந்த வரி மறுபடி ஓடாது. இனிட் அப்படியில்லை. ஒவ்வொரு பொருளும் உருவாகும்போது அது தனியாக ஓடும். பெயரை அதற்குள் செல்ஃப்.பெயர் என்று எழுதியதால்தான் பெயர் பிரிந்தது.

ஆகவே மேலே இருக்கும் வரியை அழித்துவிட்டு, இனிட்டுக்குள் இப்படி எழுது:

        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.வரவு = []

முருகன்.வரவு என்று கேட்கும்போது பைத்தான் முதலில் முருகன் என்ற பொருளுக்குள் தேடும். அங்கே இல்லையென்றால் இனக்குழுவில் தேடும். அங்கும் இல்லையென்றால் தாய் இனக்குழுவில், அதாவது அந்த இனக்குழு எதிலிருந்து வழிவந்ததோ அதில் தேடும். உன் பழைய நிரலில் பொருளுக்குள் வரவு என்று எதுவும் இல்லாததால், தேடல் மேலே போய் அந்தப் பொதுப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வந்தது. கிடைத்ததில் அப்பெண்ட் செய்தாய், எல்லோருக்கும் ஏறியது.

ஒன்று கேட்கிறேன், பதினொன்றாம் வகுப்பில் சி++ படித்தாயா?

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

சரியாகிவிட்டது அம்மா! முருகன் 500, செல்வி 350, கந்தசாமி 0. ஆமாம், மாநிலப் பாடத்திட்டம்தான். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஏற்காடு ஆசிரியை:

அந்த வரிசையில் படித்து வருபவர்கள் பலர் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். சி++ மொழியில் இனக்குழுவின் உடலில் ஒரு மாறியை அறிவித்தால் அது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. பொதுவாக வேண்டுமென்றால்தான் ஸ்டாட்டிக் என்று சொல்ல வேண்டும். ஜாவாவிலும் அப்படியே. பைத்தானில் இது தலைகீழ்: உடலில் எழுதினால் பொது, செல்ஃப் போட்டு எழுதினால் தனி. கை பழகிய பழக்கத்தில் எழுதிவிடுகிறோம், மொழியும் தடுப்பதில்லை.

கொண்டலாம்பட்டித் தறிக்காரர்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நாலு பேர் வெள்ளிக் கணக்குக்கு இனக்குழு, பொருள் என்று இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு கண்ணு? எங்கள் தறிக் கணக்கை எக்செல் தாளில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

சூரமங்கலம் நிரலாளர்:

ஐயா கேட்பது நியாயம். வெறும் கூட்டல் கழித்தலுக்கு எக்செல் போதும். ஆனால் 500 கிராம் வாங்கியவர் 520 கிராம் கொலுசு ஒப்படைத்ததாக யாராவது எழுதினால் அந்தத் தாள் சும்மா வாங்கிக்கொள்ளும். தடை போட வேண்டுமென்று முன்பே நினைத்து நீங்கள் அமைத்திருந்தால் ஒழிய. இனக்குழுவில் 'ஒப்படை' என்று ஒரு செயற்கூறு எழுதி, கையிருப்பைவிட அதிகம் வந்தால் மறுத்துவிடு என்று அதற்குள் சொல்லிவிடலாம். தரவும் அதைக் காக்கும் விதியும் ஒரே இடத்தில் இருக்கும்.

இந்த யோசனையே உலகத்தில் நடக்கும் வேலைகளைக் கணினியில் நடத்திப் பார்க்க வந்ததுதான். 1960களில் நார்வேயில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா மொழியில்தான் இனக்குழுவும் பொருளும் முதலில் உருப்பெற்றன. வரிசையில் காத்திருப்போர், வந்து போகும் வண்டிகள் போன்றவற்றைப் போலச்செய்து பார்ப்பது அதன் நோக்கம். பியர்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் அங்கிருந்துதான் சி++ மொழிக்கு இனக்குழுவைக் கொண்டுவந்தார். பட்டறைக் கணக்கு ஒன்றும் இதற்கு அந்நியமில்லை.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

இன்னொரு சந்தேகம். பட்டறையில் எத்தனை பேர் என்று எண்ண, இந்த முறை வேண்டுமென்றே இனக்குழு உடலில் எண்ணிக்கை = 0 என்று வைத்தேன், பொதுவாக இருக்க வேண்டுமே என்று. இனிட்டுக்குள் செல்ஃப்.எண்ணிக்கை = செல்ஃப்.எண்ணிக்கை + 1 என்று எழுதினேன். மூன்று பேரைச் சேர்த்தாலும் ஒவ்வொருவரிடமும் 1 என்கிறது. தொழிலாளி.எண்ணிக்கை என்று நேரே கேட்டால் 0. பிரிய வேண்டியது அன்று ஒட்டிக்கொண்டது, ஒட்ட வேண்டியது இன்று பிரிந்து நிற்கிறது!

ஏற்காடு ஆசிரியை:

நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறாய். அந்த வரியை வலப்பக்கத்திலிருந்து படி. வலப்பக்கம் செல்ஃப்.எண்ணிக்கை என்பது ஒரு கேள்வி. பொருளில் தேடும், இல்லை. இனக்குழுவில் 0 கிடைக்கும். 1 கூட்டினால் 1. இடப்பக்கம் செல்ஃப்.எண்ணிக்கை என்பது எழுதும் கட்டளை. தேடும்போது மேலே ஏறுகிற பைத்தான், எழுதும்போது மேலே ஏறாது. புள்ளிக்கு முன்னால் யார் இருக்கிறாரோ அவரிடமே எழுதிவிடும். ஆக, ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒரு 1 பிறந்தது. இனக்குழுவின் 0 அசையவே இல்லை.

பட்டியலில் ஏன் இப்படி நடக்கவில்லை என்றால், அப்பெண்ட் எதையும் புதிதாகப் பெயரிட்டு எழுதவில்லை. இருக்கும் பட்டியலையே நீட்டியது.

தொழிலாளி.எண்ணிக்கை = தொழிலாளி.எண்ணிக்கை + 1 என்று இனக்குழுவின் பெயரைச் சொல்லி எழுது. வேலை முடிந்தது.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

3 வந்துவிட்டது அம்மா. அப்புறம், வாங்கு செயற்கூறுக்கு செல்ஃப், கிராம் என இரண்டு அளவுருக்கள் (அடைப்புக்குள் வாங்கும் மதிப்புகள்) இருக்கின்றன, முருகன்.வாங்கு(500) என்று அழைக்கும்போது ஒன்றைத்தானே கொடுக்கிறேன்?

சூரமங்கலம் நிரலாளர்:

புள்ளிக்கு முன்னால் இருக்கும் முருகன்தான் அந்த முதல் மதிப்பு. தொழிலாளி.வாங்கு(முருகன், 500) என்று எழுதினாலும் அதே விடைதான் வரும், போட்டுப் பார்க்கலாம். செல்ஃப் என்பது கட்டாயச் சொல்லும் அல்ல, மரபு. ஆனால் அதை மாற்றாதீர்கள்; உங்கள் நிரலைப் படிப்பவர் திட்டுவார்.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

கடைசிக் கேள்வி. கம்பி இழுப்பவருக்கு எடைக்குக் கூலி, பற்றவைப்பவருக்கு ஜோடிக்குக் கூலி. மரபுரிமம் (ஓர் இனக்குழுவிடமிருந்து இன்னொன்று அதன் பண்புகளைப் பெறுவது) பாடம் நடக்கிறது. தொழிலாளியைத் தாய் இனக்குழுவாக வைத்து, கம்பிக்காரர், பற்றவைப்பவர் என்று இரண்டு சேய் இனக்குழுக்கள் எழுதினேன். பற்றவைப்பவரை உருவாக்கி வாங்கு என்றதும் 'வரவு என்ற பண்பு இல்லை' என்று பிழை வருகிறது.

அம்மாபேட்டை அண்ணன்:

சேய் இனக்குழுவுக்குத் தனியாக இனிட் எழுதினீர்களா? எழுதினால் தாயின் இனிட் தானாக ஓடாது. அங்கேதான் வரவு பிறக்கிறது. தாயின் இனிட்டை அழைக்க, உங்கள் இனிட்டின் முதல் வரியாக சூப்பர்().__இனிட்__(பெயர்) என்று போடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

ஓடுகிறது அண்ணா, மிக்க நன்றி!

சூரமங்கலம் நிரலாளர்:

பிழை தீர்ந்தது, சரி. ஆனால் இந்த வடிவம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் பட்டறையில் இன்று கம்பி இழுப்பவர் நாளைக்கு ஆள் குறைந்தால் பற்றவைக்க உட்காரமாட்டாரா?

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

உட்காருவார். முருகண்ணன் இரண்டும் செய்வார்.

சூரமங்கலம் நிரலாளர்:

அப்போது முருகனை எந்த இனக்குழுவில் வைப்பீர்கள்? பிறக்கும்போது கம்பிக்காரராகப் பிறந்த பொருளை நடுவில் பற்றவைப்பவராக மாற்றுவது வீண் தொல்லை. மாறுவது ஆள் இல்லை, வேலை. ஆகவே 'வேலை' என்று ஓர் இனக்குழு வைத்து, கூலி கணக்கிடும் செயற்கூறை அதன் சேய்களில் மாற்றி எழுதுங்கள்: எடைக்கூலி வேலை, ஜோடிக்கூலி வேலை. தொழிலாளியிடம் வேலைகளின் பட்டியல் மட்டும் இருக்கட்டும். மொத்தக் கூலி கேட்டால் ஒவ்வொரு வேலையிடமும் 'உன் கூலி என்ன' என்று கேட்டுக் கூட்டிவிடலாம். எந்த வகை வேலை என்று தொழிலாளிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. பல்லுருவாக்கம் என்று பாடத்தில் வருவது இதுதான்.

ஏற்காடு ஆசிரியை:

நானும் இதைத்தான் சொல்வேன். தேர்வில் மரபுரிமத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நீ முதலில் எழுதியதை எழுது, மதிப்பெண் கிடைக்கும். பட்டறைக்கு இவர் சொன்னதை எழுது.

இன்னும் இரண்டு. இனிட்டின் அளவுருவிலேயே வரவு=[] என்று கொடுத்துவிடாதே; அதுவும் செயற்கூறை வரையறுக்கும்போது ஒரே முறை உருவாகி எல்லோருக்கும் பொதுவாகிவிடும், பழைய கோளாறு வேறு வாசலால் வரும். பின்னம் வரும் எடைகளைக் கிராமில் தசமமாக வைக்காமல் மில்லிகிராமில் முழு எண்ணாக வை. 0.1 உடன் 0.2 கூட்டினால் பைத்தான் என்ன காட்டுகிறது என்று ஒருமுறை அச்சிட்டுப் பார், ஏனென்று தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:

பார்த்தேன் அம்மா, வால் நீண்டு வருகிறது. மில்லிகிராமுக்கே மாற்றிவிடுகிறேன். 'வேலை' இனக்குழுவை எழுதி முடித்ததும் இங்கேயே போடுகிறேன்.