பெர்னினா ரயில்: அம்மாவோடு ஒரே நாளில் போய்வர முடியுமா?

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுபது வயது. டிராகன்ஸ்பர்க் மலையில் குளிர்காலப் பனியைப் பார்த்திருக்கிறார், பனியாற்றைப் பார்த்ததில்லை. அதற்காகவே ஜூலையில் சுவிட்சர்லாந்து போகிறோம்.

கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை பெர்னினா எக்ஸ்பிரஸ்: 55 சுரங்கங்கள், 196 பாலங்கள், 2,253 மீட்டர் உயரம். பல்சக்கரத் தண்டவாளமே (செங்குத்தான ஏற்றத்தில் ரயிலின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பற்கள் கொண்ட தண்டவாளம்) இல்லாமல் அவ்வளவும் ஏறுகிறது என்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது!

போக மட்டும் சுமார் 4 மணி நேரம். சூரிக்கிலிருந்து விடிகாலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பினால் அம்மாவின் முழங்கால் தாங்குமா? செயின்ட் மோரிட்ஸில் தங்கி அங்கே ஏறுவது மேலா? மொர்தராட்ச் பனியாறு எந்தப் பக்க ஜன்னலில் தெரியும்? அதே பாதையில் ஓடும் சாதாரண ரயிலுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. என் மனம் அதில்தான் நிற்கிறது. பெரியவர்களை அழைத்துச் சென்றவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா சுத்த சைவம். திரானோவில் என்ன கிடைக்கும்?