எக்ஸிக்யூட்டர் எவ்வளவு நீளம்? ‘நம் வீட்டு ஆட்கள்’ குழுவில் ஒரு சனிக்கிழமை

மாலை 5:40

நிலா: எல்லோரிடமும் ஓர் உதவி. இனியன் அறைச் சுவரில் ஒட்டுவதற்கு அறிவியல் புனைகதைப் போர்க்கப்பல்களை அளவு பிசகாமல் வரைந்துகொண்டிருக்கிறேன். 100 மீட்டருக்கு 1 செ.மீ. என்பது கணக்கு. சுவர் 240 செ.மீ. அகலம். ஸ்டார் வார்ஸில் டார்த் வேடரின் தலைமைக் கப்பல் எக்ஸிக்யூட்டர்தான் இடிக்கிறது. ஓரிடத்தில் 8 கி.மீ., இன்னோரிடத்தில் 12.8, வேறோரிடத்தில் 17.6, அப்புறம் 19. எதை எடுப்பது?

செல்வி அத்தை: எங்கள் பள்ளி ஆசிரியர்கள் குழுவில் இப்படி ஒரு படம் வந்தது. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று மேலேயே போட்டிருக்கிறது. இதைப் பார்.

[படம்]

கார்த்தி: பார்த்தேன் அத்தை. இருபது, முப்பது கப்பல் இருக்கிறது, ஓர் எண்ணுக்குப் பக்கத்தில்கூட எந்தப் புத்தகம், எந்த ஆண்டு என்று இல்லை. யார் சரிபார்த்தார்கள், எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? நிலா, இதை வைத்து வரையாதே.

முருகேசன் மாமா: கார்த்தி சொல்வது சரி. கப்பல் கட்டும் தளத்தில் திருத்த எண்ணும் தேதியும் இல்லாத வரைபடத்தை நாங்கள் கையிலேயே எடுக்க மாட்டோம். அதே கப்பலுக்கு அதற்கு முந்தைய தாளும் இருக்கும், பிந்தைய தாளும் இருக்கும். எண் தப்பாக இருக்காது, பழையதாக இருக்கும். நீ அந்த நான்கு எண்ணும் எந்த வரிசையில் வந்தன என்று முதலில் கண்டுபிடி.

கார்த்தி: வரிசை எனக்குத் தெரியும் மாமா. இந்தக் கப்பல் வரும் திரைப்படம் வந்தது 1980இல். படத்தில் யாரும் நீளத்தைச் சொல்வதில்லை. 8 கி.மீ. என்பது 1980களின் கடைசியில் ஸ்டார் வார்ஸ் கதாபாத்திர விளையாட்டுக்காக வந்த துணைநூல்களில் பரவிய எண். விளையாடுகிறவர்களுக்கு ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அட்டவணை வேண்டும், அதற்காக நிரப்பினார்கள். பிறகு வந்த புத்தகங்கள் அதையே பார்த்து எழுதின. அதனால் பத்துப் புத்தகத்தில் 8 என்று இருந்தாலும் சாட்சி ஒன்றுதான்.

நிலா: அப்படியானால் 12.8, 17.6 இரண்டும் எங்கிருந்து வந்தன?

செல்வி அத்தை: கொஞ்சம் பொறு. அதே படையின் சாதாரணப் போர்க்கப்பல், ஸ்டார் டெஸ்ட்ராயர், எவ்வளவு நீளம்?

நிலா: 1,600 மீட்டர் அத்தை. அதில் மட்டும் எல்லாப் பட்டியலும் ஒத்துப்போகிறது.

செல்வி அத்தை: 1.6ஐ 5ஆல் பெருக்கினால் 8. 8ஆல் பெருக்கினால் 12.8. 11ஆல் பெருக்கினால் 17.6. மூன்றும் முழு எண் மடங்கு! யாரும் இந்தக் கப்பலை நேராக அளக்கவில்லை. ‘சின்னக் கப்பலைப் போல இத்தனை மடங்கு’ என்று சொல்லிப் பெருக்கியிருக்கிறார்கள். சண்டை கிலோமீட்டரில் இல்லை, 5ஆ 8ஆ 11ஆ என்பதில்தான் இருக்கிறது.

கார்த்தி: அத்தை, இவ்வளவு வருடமாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன், இப்படி ஒருமுறைகூட யோசித்ததில்லை. மடங்கைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. எக்ஸிக்யூட்டரின் பின்பக்கம் நடுவில் ஒரு சின்னக் கோபுரம் இருக்கிறதே, மேலே இரண்டு உருண்டைகளோடு? ஸ்டார் டெஸ்ட்ராயரின் கோபுரமும் அதே வடிவம். இரண்டும் ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டு, கோபுரத்தையே அளவுகோலாக வைத்து இரண்டு கப்பலையும் அளந்தால், எக்ஸிக்யூட்டர் ஸ்டார் டெஸ்ட்ராயரைப் போல 11 மடங்கு பக்கம் வருகிறது. கர்டிஸ் சாக்ஸ்டன் என்ற வானியற்பியலாளர் 1990களிலேயே படத்தின் காட்சிகளையும் படப்பிடிப்புக்குச் செய்த மாதிரிக் கப்பலின் புகைப்படங்களையும் வைத்து இப்படி வாதாடி, 8 கி.மீ. நிற்காது என்றார். பின்னால் அவரையே அழைத்து ஸ்டார் வார்ஸ் கப்பல்களின் குறுக்குவெட்டுப் புத்தகங்களை எழுத வைத்தார்கள்.

முருகேசன் மாமா: கோபுரம் இரண்டும் ஒரே அளவு என்பதற்கு என்ன ஆதாரம்?

கார்த்தி: ஒரே வடிவம் என்பதுதான் முதல் ஆதாரம் மாமா.

முருகேசன் மாமா: அது போதாது. ஒரே வடிவத்தில் சின்னதும் வார்க்கலாம், பெரியதும் வார்க்கலாம். வேறு ஏதாவது காட்சி வேண்டும். மனிதனோ, மனிதன் உட்காரும் எதுவோ கோபுரத்துக்குப் பக்கத்தில் தெரிகிற காட்சி.

இனியன் (வசந்தி சித்தி போனில்): மாமா இருக்கு!! மூன்றாவது படத்துல ஏ-விங் வந்து அந்தக் கோபுரத்துல மோதும். அதுக்கப்புறம் கப்பல் அப்படியே டெத் ஸ்டார்ங்கிற பெரிய விண்வெளி நிலையம் மேல விழுந்துடும்

கார்த்தி: சபாஷ் இனியா. 1983 படம். ஏ-விங் ஒரே ஒரு ஆள் ஓட்டும் சின்னப் போர் விமானம். அது கட்டளை அறையின் ஜன்னலை நோக்கி வருகிற காட்சியும் இருக்கிறது, உள்ளே நிற்கும் அதிகாரிகள் தெரியும் காட்சியும் இருக்கிறது. கோபுரத்தைப் பாதியாகச் சுருக்கினால் அந்த அறைக்குள் அத்தனை பேர் நிற்க முடியாது. கப்பல் 8 கி.மீ. என்றால் கோபுரத்தைப் பாதிக்கும் கீழே சுருக்க வேண்டும்.

முருகேசன் மாமா: இது நல்ல ஆதாரம். ஒத்துக்கொள்கிறேன்.

முருகேசன் மாமா: ஆனால் ஒரு விஷயம். போர்க்கப்பல்கள் கூட்டமாகப் போகும் காட்சியை வைத்து அளக்காதே நிலா. முன்னால் நிற்பது பெரிதாகவும் பின்னால் நிற்பது சிறிதாகவும் தெரியும். எவ்வளவு பின்னால் என்பது நமக்குத் தெரியாது. ஒரே கப்பலின் ஒரு பாகத்தை அதே கப்பலின் இன்னொரு பாகத்தோடு மட்டும் ஒப்பிடு. அதுவும் பக்கவாட்டிலிருந்தோ நேர் மேலிருந்தோ எடுத்த படமாக இருக்க வேண்டும்.

நிலா: சரி மாமா. ஆனால் இப்போது அதிகாரபூர்வத் தரவுப் பக்கத்தில் 19,000 மீட்டர் என்று இருக்கிறது. அது 11 மடங்கு இல்லையே, கிட்டத்தட்ட 12 வருகிறதே?

செல்வி அத்தை: பிழை எவ்வளவு வரும் என்று பார். புகைப்படத்தில் கோபுரம் 10 மி.மீ. தெரிகிறது என்று வை. நீ அளக்கும்போது 1 மி.மீ. கூடக்குறையப் போனாலே பத்து சதவீதம். கப்பலின் நீளத்தில் அது ஏறக்குறைய 1.8 கி.மீ. 17.6க்கும் 19க்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடுகிறது. 8 எந்தப் பிழையிலும் அடங்காது. அளவை வைத்து 8ஐத் தள்ளிவிடலாம். 17.6ஆ 19ஆ என்பதை அளவை வைத்துத் தீர்க்க முடியாது, அங்கே அதிகாரபூர்வ எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

கார்த்தி: இன்னொன்றும் உண்டு. 2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸ் படங்களை எடுக்கும் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் பழைய நாவல்கள், விளையாட்டு நூல்கள் எல்லாவற்றையும் ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியாக ஒதுக்கிவிட்டது. அவை படங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே 8 கி.மீ. போட்ட நூல் இப்போது அதிகாரமும் இல்லாதது, அளவோடும் பொருந்தாதது. 19 எடு நிலா.

வசந்தி சித்தி: 19 என்றால் சுவரில் எவ்வளவு வரும்?

நிலா: 190 செ.மீ. சித்தி. ஸ்டார் டெஸ்ட்ராயர் அதன் கீழே 16 செ.மீ. கதாநாயகர்களின் சின்னக் கப்பல் மில்லேனியம் ஃபால்கன் சுமார் 35 மீட்டர்தான், அது 3.5 மி.மீ. வரும், ஒரு மிளகு அளவு.

வசந்தி சித்தி: இடம் இருக்கிறது. பசை மட்டும் போடாதே, பெயின்ட் உரிந்துவிடும். டேப் வாங்கி வைக்கிறேன்.

மாலை 6:25

நிலா: கப்பலுக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் எழுதலாம் என்று இருக்கிறேன். 2,79,144 பேர் என்று ஒரு பட்டியலில் இருக்கிறது. ஸ்டார் டெஸ்ட்ராயருக்கு 36,810.

செல்வி அத்தை: எழுதாதே. அந்த எண்ணிக்கை நீளம் 8 கி.மீ. என்று இருந்த காலத்தது போலிருக்கிறதே?

கார்த்தி: ஆமாம் அத்தை, அதே விளையாட்டு நூல்களின் அட்டவணை. நீளம் மாறிய பிறகும் ஆள் எண்ணிக்கையை மட்டும் பல பட்டியல்களில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

செல்வி அத்தை: அந்த 8 கி.மீ. கணக்கிலேயே பார். நீளம் 5 மடங்கு. அதே வடிவமாக இருந்தால் கொள்ளளவு 5 × 5 × 5 = 125 மடங்கு. ஆட்களோ ஏழரை மடங்குதான். எக்ஸிக்யூட்டர் தட்டையான கப்பல், அதனால் 125 வராது, ஒத்துக்கொள்கிறேன். இயந்திரங்கள் பாதி வேலையைச் செய்கின்றன என்றும் சொல்லலாம். ஆனாலும் நீளத்தை 19 ஆக்கிவிட்டு ஆட்களைப் பழையபடி விடுவது எனக்குச் சம்மதமில்லை. இதைத்தான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொட்டு நிற்கும் எண்களையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

நிலா: சரி, ஆள் எண்ணிக்கையை விட்டுவிடுகிறேன்.

பாட்டி: நிலா சாப்பிட்டாளா? அடை வைத்திருக்கிறேன்

நிலா: இதோ வருகிறேன் பாட்டி.

இரவு 8:10

முருகேசன் மாமா: உண்மையான கப்பல் ஒன்றையும் அதே சுவரில் வை நிலா. அளவு மனதில் நிற்கும். ஐஎன்எஸ் விக்ராந்த், 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது, கொச்சியில் கட்டியது. 262 மீட்டர்.

நிலா: 2.6 செ.மீ. அழகாக வரும் மாமா. ஜப்பான் அனிமேயில் வரும் விண்வெளிக் கப்பல் யமாட்டோவும் அதே அளவுதானே? பக்கத்தில் வைக்கவா?

கார்த்தி: எந்த யமாட்டோ என்று முடிவு செய்துகொள். 1974 தொடரில் 265.8 மீட்டர். 2012இல் தொடங்கிய மறு ஆக்கத்தில் 333 மீட்டர். இரண்டும் அவரவர் தொடருக்குச் சரி. ஆண்டைப் போடாமல் நீளத்தை மட்டும் எழுதினால்தான் தவறு.

முருகேசன் மாமா: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் போர்க்கப்பலாக இருந்த நிஜ யமாட்டோவுக்கே இரண்டு நீளம் உண்டு. முனையிலிருந்து முனைவரை 263 மீட்டர், நீர்க்கோட்டில் 256. கப்பல்காரர்கள் எந்த நீளம் என்று கேட்காமல் எழுத மாட்டார்கள். 1945 ஏப்ரல் 7இல் மூழ்கியது. ஆயிரக்கணக்கானோர் அதோடு போய்விட்டார்கள். அதை வரைந்தால் அந்தத் தேதியையும் எழுது, இனியனுக்கு விவரம் சொல்.

நிலா: கட்டாயம் எழுதுகிறேன் மாமா.

இனியன் (வசந்தி சித்தி போனில்): அக்கா ஸ்டார் ட்ரெக் கப்பலும் வேணும்

நிலா: அதில் கான்ஸ்டலேஷன் என்ற கப்பலின் பதிவு எண் 1017 என்று இருக்கிறது. தொடரின் முக்கியக் கப்பலான எண்டர்ப்ரைஸ் 1701. இரண்டும் ஒரே வகைக் கப்பல் என்கிறார்கள், எண் மட்டும் இவ்வளவு தள்ளி இருக்கிறதே, அச்சுப் பிழையா அண்ணா?

கார்த்தி: பிழை இல்லை, எழுது. 1967இல் கான்ஸ்டலேஷன் வரும் தொலைக்காட்சி அத்தியாயத்துக்குச் சிதைந்த கப்பல் ஒன்று வேண்டியிருந்தது. கடையில் விற்கும் எண்டர்ப்ரைஸ் மாதிரிப் பொம்மைப் பெட்டியை வாங்கி, அதோடு வந்த ஒட்டுத்தாளின் இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டினார்கள். 1, 7, 0, 1 என்பதை எப்படி மாற்றினாலும் கிடைக்கும் எண்களில் ஒன்றுதான் 1017. திரையில் அப்படியே தெரிகிறது. கதைக்குள் காரணம் இல்லை என்பதற்காக நாம் திருத்தக் கூடாது.

செல்வி அத்தை: திரையில் இருப்பது முதல் சாட்சி. அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

நிலா: அப்படியானால் ஒவ்வொரு கப்பலுக்குக் கீழேயும் நீளம், அது எங்கே சொல்லப்பட்டது, எந்த ஆண்டு, மூன்றையும் சின்ன எழுத்தில் எழுதுகிறேன். அளந்து பார்த்ததா, படித்ததா என்பதற்கு இரண்டு நிறம். எக்ஸிக்யூட்டருக்கு இரண்டு நிறமும் வரும்.

முருகேசன் மாமா: மிகச் சரி. நாளைக் காலை மாதிரிக் கப்பலின் பக்கவாட்டுப் படத்தை அனுப்பு, கோபுரத்தை நானும் தனியாக அளக்கிறேன். உன் எண்ணை எனக்கு முன்கூட்டிச் சொல்லாதே.