தர்மபுரியில் வெப் செக்யூரிட்டி குழு: ஆட்களை எப்படித் தக்கவைப்பது?

கேள்வி: பென்னாகரம் ரோட்டில் நண்பரின் டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். வருகிற கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேர் “இன்ஸ்டா ஹேக் சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மாதம் காணாமல் போகிறார்கள். வேலையில் இருப்பவர்கள் எல்லாம் பெங்களூரில். என்ன செய்யலாம்?

ஓசூர்க்காரன்: ஸ்லைடைத் தூக்கி ஓரமா வைங்க. ஓவாஸ்ப் (வெப் பாதுகாப்புக்கான லாப நோக்கற்ற அமைப்பு) தரும் ஜூஸ் ஷாப் என்கிற பயிற்சித் தளத்தை ஒரு லேப்டாப்பில் ஓட்டி, எல்லோரையும் அதில் இணையுங்கள். வேண்டுமென்றே பாதுகாப்பு ஓட்டை வைத்துக் கட்டிய போலி ஆன்லைன் கடை அது. லாகின் செய்ததும் பிரவுசரின் செஷன் ஸ்டோரேஜில் (தளம் தற்காலிகமாகத் தகவல் வைக்கும் இடம்) ‘பிஐடி’ என்கிற கூடை எண்ணை மாற்றச் சொல்லுங்கள். அடுத்தவர் கூடை அப்படியே திறக்கும். ஓவாஸ்பின் 2021 டாப் 10 ஆபத்துகள் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறு (யார் எதைப் பார்க்கலாம் என்று தளம் சரியாகத் தடுக்காதது) ஏன் முதலிடம் என்று அப்புறம் விளக்கினால் மண்டையில் ஏறும்.

காவேரிப்பட்டணம்: இன்ஸ்டா கேட்கிற தம்பிகளிடம் முதல் நாளே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66 பற்றிச் சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாமல் எந்தத் தளத்திலும் கை வைக்கக் கூடாது, உள்ளூர்க் கடையின் தளமானாலும் சரி.

கேட்டவர்: சரிங்கண்ணா. சாயங்காலம் பெங்களூர் பஸ் பிடிக்கிறவர்களுக்காகக் காலையிலேயே வைத்துவிடுகிறேன். மாடியில் நெட் நம்ப முடியாது, ஜூஸ் ஷாப்பின் டாக்கர் இமேஜை (அப்படியே ஓட்டக்கூடிய மென்பொருள் பொதி) வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வருகிறேன்.