இழுவைப் படகு வேலையில் ஓய்வு நேரம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குளச்சலிலிருந்து எழுதுகிறேன். தம்பி ஒரு துறைமுகத்தில், பெரிய கப்பல்களை வடம் கட்டி இழுத்துத் துறையில் சேர்க்கும் இழுவைப் படகில் (டக்) ஒப்பந்தத் தொழிலாளி. பதினைந்து நாள் படகிலேயே தங்க வேண்டும். இரவு 11 மணிக்கு ஒரு கப்பலைத் துறையில் சேர்த்துவிட்டுப் படுத்தால், 2 மணிக்கு அடுத்த கப்பல்; விடியும்போது இன்னொன்று. இடையில் காத்திருப்பதையெல்லாம் ஓய்வு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். வடம் இறுகி நிற்கும் நேரத்தில் கண் அசந்தால் என்ன ஆகும் என்பதைக் கடல் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கப்பல் ஊழியர்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைப் படித்தேன். 24 மணி நேரத்தில் 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும். அதை இரண்டாக மட்டுமே பிரிக்கலாம். ஒன்று 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பதிவேட்டின் நகலும் ஊழியருக்குத் தர வேண்டும். ஆனால் துறைமுக விதிகள் செல்லுபடியாகும் நீர்ப்பரப்புக்குள் மட்டுமே ஓடும் கலங்களை அதே உடன்படிக்கை விலக்கிவிடுகிறது!

அப்படியானால் இவர்களுக்கு எந்தச் சட்டம்? தூத்துக்குடியிலோ விழிஞ்ஞத்திலோ இழுவைப் படகில் இருந்த அண்ணன்மாரே, உங்கள் பணி முறை எப்படி இருந்தது? இரவுக்குத் தனிக் குழு உண்டா? நகல் கேட்டு வாங்கியவர்கள் யாரிடம் எழுதிக் கொடுத்தீர்கள்? தம்பி தனியாகக் கேட்டால் அடுத்த முறை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று அம்மா பயப்படுகிறார். வரும் திங்கட்கிழமை அவன் மீண்டும் படகு ஏறுகிறான். அதற்குள் சொன்னால் பேருதவி.