தாத்தா காலத்து வீட்டுப் பத்திரத்தில் உள்ள பழைய ஆங்கிலம், யாருக்காவது புரியுமா?

ஜெலுத்தோங்_மணி:
வணக்கம். அத்தை வீட்டு இரும்புப் பெட்டியில் பினாங்கு ஜார்ஜ் டவுன் வீட்டின் பத்திரம் கிடைத்தது, 1931-ல் எழுதியது. ஆங்கிலம்தான், ஆனால் என்ன ஆங்கிலமோ, ஃபார்ம் சிக்ஸ் வரைக்கும் படித்த எனக்கே ஒரு வரியும் ஓடவில்லை. 'இண்டென்ச்சர்' என்று கொட்டை எழுத்தில் ஆரம்பிக்கிறது. அப்புறம் 'விட்னெஸ்ஸெத்', 'மெஸ்ஸுவேஜ்', 'ஹெரடிடமென்ட்'. ஒரு அம்மா பெயருக்குப் பக்கத்தில் 'ரெலிக்ட்' என்று போட்டிருக்கிறது, பழங்காலச் சின்னம் மாதிரி ஏதோ அர்த்தம் வருகிறது, ஒரு பொம்பளையைப் போய் அப்படியா எழுதுவார்கள்? நடுவில் 'டிமைஸ்' வேறு. அது சாவுதானே? வீட்டுப் பத்திரத்தில் செத்தது யார்?

பழையபேப்பர்:
ரெலிக்ட் என்றால் விதவை, அவ்வளவுதான். லத்தீனில் 'விட்டுச் செல்லப்பட்டவர்' என்று பொருள், திட்டு இல்லை. மெஸ்ஸுவேஜை 'மெஸ்விஜ்' என்று படிக்க வேண்டும்: வீடு, அதோடு சேர்ந்த கொட்டகை, முற்றம், மனை எல்லாம் ஒரே வார்த்தையில். ஹெரடிடமென்ட் என்பது வாரிசுக்கு இறங்கக்கூடிய சொத்து. விட்னெஸ்ஸெத்தில் வரும் 'எத்' பழைய வினை விகுதி. சாட்சி சொல்வது ஆள் இல்லை, அந்தப் பத்திரமே.

இண்டென்ச்சர்தான் எனக்குப் பிடித்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரே தோல் தாளில் ஒப்பந்தத்தை இரண்டு தடவை எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள், பல் சேராவிட்டால் போலி. லத்தீனில் பல்லுக்கு உள்ள சொல்தான் பெயரில் ஒட்டிக்கொண்டது. நம் ஆட்களை மலாயா தோட்டங்களுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி முறைக்கும் இதே பெயர்தான், 1910-ல் அதை ஒழித்தார்கள்.

கோப்பி_ஓ_கோசோங்:
ஒரு விஷயத்தை ஏன் நாலு வார்த்தையில் சொல்கிறார்கள் என்று கேட்டால், 1066-க்குப் பிறகு இங்கிலாந்தில் ஆட்சி செய்தவன் பேசியது பிரெஞ்சு, குடிமகன் பேசியது ஆங்கிலம், எழுத்தன் எழுதியது லத்தீன். எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டார்கள். உயில் என்பதற்கு 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பதும் அந்த மாதிரிதான். பக்கக் கணக்கில் கூலி வாங்கிய எழுத்தர்களுக்குக் கசந்திருக்குமா என்ன லா!

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா:
தம்பி, விதவையும் கொட்டகையும் இருக்கட்டும், நீங்கள் கவலைப்பட வேண்டியது டிமைஸ் பற்றித்தான். லாயர் ஆபீசில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். பத்திரத்தில் அது சாவு இல்லை, குத்தகைக்கு விடுவது. சொத்தைக் கைமாற்றிக் கொடுப்பதுதான் மூல அர்த்தம், ராஜா இறந்தால் பட்டம் கைமாறுகிறது என்பதால் சாவு என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. அதனால் அது தாத்தா வாங்கிய வீடா, குத்தகைக்கு எடுத்த வீடா என்று பாருங்கள். 'டெர்ம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருடக் கணக்கு இருக்கும். 'டிட்டர்மின்' என்று வந்தால் தீர்மானிப்பது என்று நினைக்காதீர்கள், அங்கே முடிந்துபோவது என்று அர்த்தம். வாடகையாக ஒரே ஒரு மிளகு என்று எழுதியிருந்தாலும் சிரிக்க வேண்டாம், பேருக்கு ஏதாவது கொடுத்தால்தான் ஒப்பந்தம் நிற்கும் என்று இங்கிலாந்தில் அப்படி எழுதுவது வழக்கம்.

ஜெலுத்தோங்_மணி:
அக்கா, வயிற்றைக் கலக்குகிறது. மூன்றாவது பக்கத்தில் 99 வருடம், 1931 ஜனவரி முதல் தேதியிலிருந்து என்று இருக்கிறது. அப்படியென்றால் 2029 டிசம்பரோடு சரியா? சொந்த வீடு என்று நினைத்து மாமா போன வருடம்தான் கூரை முழுவதும் மாற்றினார்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா:
கணக்கு சரிதான், ஆனால் இந்த ஒரு காகிதத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பினாங்கிலும் மலாக்காவிலும் இருந்த பழைய பத்திர முறையை மாற்ற 1963-ல் தனிச் சட்டமே போட்டார்கள், அதற்குப் பிறகு நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அதுதான் பேசும். நடுவில் யாராவது நிலத்தையே வாங்கியிருக்கவும் கூடும். வீட்டு வரி பில்லில் லோட் நம்பர் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி, அதாவது பதிவேட்டைத் தேடிப் பார்க்கும் மனு, போடுங்கள், கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) யார் பெயரில் என்று வந்துவிடும். மாமாவிடம் அதற்குப் பிறகு சொல்லலாம்.