நுண்மணி ஒளியுமிழி: ஒரு பரிந்துரை

ஐயா, வணக்கம்.

'குவாண்டம் டாட்' என்னும் மிகச் சிறிய குறைகடத்திப் படிகங்களை ஒளிரவைக்கும் எல்இடிக்கு, 'குவாண்டம் புள்ளி ஒளிகாலும் இருவாயி' (இருவாயி என்றால் டயோடு) என்று நீங்கள் தமிழ்ப்பெயர் எழுதியதைப் பார்த்தேன். பொருளில் பிழையில்லை, சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. எனக்கு இடிப்பது 'புள்ளி'. புள்ளி என்றால் பிள்ளைகள் நீளம் அகலம் இல்லாத ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். இங்கோ அளவுதான் எல்லாம். காட்மியம் செலினைடு படிகம் சுமார் 2 நானோமீட்டர் இருந்தால் நீலமாக ஒளிரும், 6 நானோமீட்டரை நெருங்கினால் சிவப்பு. பொருள் அதேதான். படிகம் சிறுக்கச் சிறுக்க எலக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாகிறது, அது தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி கூடுகிறது, நிறம் நீலத்தின் பக்கம் நகர்கிறது.

அதனால்தான் 'மணி' என்கிறேன். நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத்தான் முத்தை அளவு பிரித்தார்கள். இந்தப் படிகங்களின் கதையும் அளவில்தான் நிற்கிறது. 1993-இல் வேதியியலாளர் மௌங்கி பாவெண்டியின் குழு சூடான கரைப்பானுக்குள் வேதிப்பொருளைச் சட்டென்று செலுத்தி, ஏறக்குறைய ஒரே அளவுள்ள படிகங்களை வளர்த்த பிறகே இத்துறை சூடுபிடித்தது. 2023 வேதியியல் நோபலை அவரும் புரூசும் எக்கிமோவும் பகிர்ந்துகொண்டார்கள்.

அப்புறம், ராமநாதபுரம் கடைகளில் 'கியூஎல்இடி' என்று விற்கும் டிவி. அதில் மணிகளுக்குள் மின்சாரம் பாய்வதே இல்லை. பின்னாலிருக்கும் நீல எல்இடியின் வெளிச்சத்தை ஒரு படலத்திலுள்ள மணிகள் வாங்கி, பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகின்றன. முன்னால் இருப்பது வழக்கமான எல்சிடி திரைதான். நாம் பெயர் தேடும் சாதனத்தில் மின்சாரம் பாய்ந்து மணியே ஒளிர வேண்டும். 1994-இலேயே அப்படி ஒன்றைச் செய்துகாட்டிவிட்டார்கள். ஆனால் நீல மணியின் ஆயுள் இன்னும் போதவில்லை, அதனால் கடைக்கு வரவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் ஆகாது. டிவியில் இருப்பது 'நுண்மணிப் படலம்', நாம் பெயர் தேடுவது 'நுண்மணி ஒளியுமிழி'.

பேச்சில் எல்இடி இருந்துவிட்டுப் போகட்டும்.

'குவாண்டம் விட்டுப்போகிறதே' என்பீர்கள். அளவு மாறினால் நிறம் மாறுவதே குவாண்டம் விளைவுதான், அதை விளக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். பெயரிலேயே எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். காட்மியத்துக்குப் பதில் இண்டியம் பாஸ்பைடால் செய்யும் வகைக்கும் 'காட்மியமில்லா நுண்மணி' என்று தடங்கலில்லாமல் வருகிறது. 'மணி' ஒத்துவராது என்றால் 'நுண்படிக ஒளியுமிழி'க்கும் சம்மதம். 'இருவாயி' மட்டும் வேண்டாம், ஐயா.