ஸ்டேபிள் டிஃப்யூஷன்: நல்லூர்க் கோபுரம் இரட்டையாய் வருது

கேள்வி: எழுத்தைப் படமாக்கிற ஏஐ ஸ்டேபிள் டிஃப்யூஷனில நல்லூர்க் கோயில் கோபுரம் எடுக்கிறன். மொடல் 1.5, அளவு 768க்கு 1152, ஸ்டெப்ஸ் (படத்தைத் தெளிவாக்கிற சுற்று) 60, சிஎஃப்ஜி (எழுதினதை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது எண்ட அளவு) 14. கோபுரத்துக்கு மேல இன்னொரு கோபுரம் முளைக்குது, நிறமும் கருகின மாதிரி. ஏன் உப்பிடி?

பதில் 1: 1.5 பழகினது 512க்கு 512 படத்தில. பெரிசாய்க் கேட்டா மிச்ச இடத்தையும் அதே சாமானால நிரப்பும். 512க்கு 768 எடுத்துப்போட்டு ஹைரெஸ் ஃபிக்ஸில (சின்னப் படத்தைப் பெரிசாக்கித் திரும்ப வரையிற வசதி) 1.5 மடங்காக்குங்கோ, டினோய்ஸ் (எவ்வளவு புதுசாய் வரையிறது எண்ட அளவு) 0.4. கூட்டினா திரும்பவும் முளைக்கும். அப்ஸ்கேலர் (பெரிசாக்கிற முறை) 'லேட்டன்ட்' வேண்டாம், 0.4இல மங்கிப்போகும்.

பதில் 2: கருகிறது சிஎஃப்ஜியால. 7 காணும், ஸ்டெப்ஸ் 25. சீட் எண்ணை (படம் தொடங்கிற எண், seed) மாத்தாமல் மற்ற அளவுகளை ஒவ்வொண்டாய் மாத்துங்கோ, இல்லாட்டி எது வேலை செய்தது எண்டு பிடிபடாது.

பதில் 3: 'நல்லூர்' எண்டு எழுதினா அந்தக் கோபுரமே வரும் எண்டு நம்பாதேங்கோ. நீங்கள் எடுத்த படத்தைக் கொன்ட்ரோல்நெட் கேனியில (படத்தின்ர விளிம்புக் கோட்டைப் பின்பற்ற வைக்கிற கருவி) குடுங்கோ, வெயிட் 0.8. சிலையளின்ர முகம் எப்பிடியும் குழம்பும். அது இன்பெயின்ட் (அந்த இடத்தை மட்டும் திரும்ப வரையிற) வேலை.